நான் கோணலாக வெட்டிய கான்

கலஹாவிலிருந்து பேராதனைக்குப் போகும் பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி, பள்ளத்தைப் பார்த்து நடந்தால் நான் வேலை செய்த பயிற்சி நிலையம் வரும். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் தங்கியிருந்து தச்சு, தையல், மின்சார வேலை பழகும் இடம். நான் அங்கே மொழியும் பொது அறிவும் படிப்பித்தேன். வேறுவிதமாகச் சொன்னால், கையில் ஒரு தொழிலும் இல்லாத ஒரே ஆசிரியர் நான்தான்.

நிலையத்துக்கு ஒரு விதி இருந்தது: சொந்தக் காலில் நிற்க வேண்டும். அரிசி, தேங்காய், உப்பு, கருவாடு வெளியிலிருந்து வரலாம். மரக்கறி எங்கள் காணியில் விளைந்ததாக இருக்க வேண்டும். ஆரம்பித்தவர்கள் நல்ல மனிதர்கள். காணியைப் பார்க்காமல் விதி போட்டுவிட்டார்கள், அவ்வளவுதான். மேல் துண்டில் நட்டதையெல்லாம் குரங்குகளும் முள்ளம்பன்றிகளும் பகல் முறை, இரவு முறை என்று பிரித்துக்கொண்டு தின்றன. கீழ்த் துண்டு யாரோ எப்போதோ கைவிட்ட வயல். மேலிருந்து இறங்கும் ஊற்றுத் தண்ணீர் அங்கே வந்ததும் களைத்துப்போய் உட்கார்ந்துவிடும். அந்த இடத்தில் நாங்கள் உண்மையாகவே சொந்தக் காலில் நின்றோம், முழங்கால்வரை சேற்றில்.

அந்தச் சேற்றில் யாரும் கேட்காமலே இரண்டு விளைந்தன. ஒன்று கங்குங் கீரை, மற்றது கொஹிலத் தண்டு. கொஹில உடம்புக்கு நல்லது என்பார்கள். அதைப் பற்றி அதற்குமேல் யாரும் எதுவும் சொல்லி நான் கேட்டதில்லை. வெளியே முள், உள்ளே நார். வெட்டும்போதே துண்டு துண்டாக நாரை இழுத்து எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் மத்தியானம் சாப்பிட்டவன் மாலைவரை தன் பற்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பான்.

இதைச் சமைத்தவர் மடவளைக்காரர். எல்லாருக்கும் அவர் நானாதான், அண்ணன் என்ற அர்த்தத்தில். கலியாண வீடுகளில் புரியாணி ஆக்கிய கை அது. பெரிய அடுப்புகளின் சூடு உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் எங்களிடம் வந்து சேர்ந்திருந்தார். இப்போது விடிந்தால் நார் இழுப்பதுதான் வேலை.

ஒருநாள் காலையில் என்னைக் குசினிக்குள் கூப்பிட்டார்.

“சேர், நான் இங்க சமக்க வந்தா, நெசவுக்கு வந்தா?”

“கொஞ்சம் பொறுங்க நானா.”

“மச்சான் மடவளையில ஹோட்டல் தொறக்கப் போற. என்னயும் வரச் செல்றார். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தி ஒரு போஞ்சிய, ஒரு கரட்ட என்ட கண்ணுல காட்டுங்க. இல்லாட்டி நான் போற.”

எங்கள் பணிப்பாளர் யாழ்ப்பாணத்துக்காரர், எதற்கும் பதறாத மனுஷி. ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னேன்.

“ஓம், எனக்கும் சொன்னவர்,” என்றார். “அவர் போனா நீங்கள்தான் சமைக்க வேணும்.”

“நான் எதுக்கு மேடம்?”

“தச்சு மாஸ்டரை வகுப்பிலை இருந்து எடுக்கேலாது. தையல் ரீச்சரையும் எடுக்கேலாது. உங்களை எடுக்கலாம்தானே.”

இதில் ஒளிவுமறைவு இருக்கவில்லை. எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. பிள்ளைகளுக்கு மட்டும் படவில்லை. ஊழியர் கூட்டமொன்றுக்கு நான் தேநீர் போட்டிருக்கிறேன். நிலையத்தின் சரித்திரத்திலேயே விரைவாக முடிந்த கூட்டம் அது. செய்தி பரவியதும் மாணவத் தலைவி என்னிடம் வந்து, “சேர், நானா போகமாட்டாருதானே?” என்று கேட்ட குரலில் மரியாதை இருந்தது, பீதியும் இருந்தது.

கீழ்த் துண்டின் தண்ணீரை வடித்தால் போஞ்சி போடலாம். ஆகவே நான் வடிகாலைப் பற்றி, எங்கள் ஆட்கள் கான் என்பார்களே அதைப் பற்றி, படிக்கத் தொடங்கினேன். பழங்கால நகரங்களின் செங்கல் வடிகால்கள், கடலைப் பின்தள்ளி நிலமெடுத்த தேசங்கள், போனில் வெள்ளைக்காரர் ஒருவர் தோட்டத்தில் குழாய் புதைக்கும் நீண்ட வீடியோக்கள் எல்லாம் பார்த்தேன். சதுப்பு நிலத்தைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் மிச்சமில்லை என்ற நிலைமை வந்ததும், தச்சு மாஸ்டரைத் தேடிப் போனேன்.

மாஸ்டர் ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, உளி பிடிப்பதற்கு முன் சில காலம் தேயிலை மலையில் மண்வெட்டி பிடித்தவர். நான் விளக்கியதைப் பொறுமையாகக் கேட்டார்.

“சேர், கான் வெட்டுறது நம்ம ரத்தத்துல ஊறுனது. அந்தப் போன உள்ள வச்சிட்டு வாங்க.”

சனிக்கிழமை சிரமதானம். நிலையம் முழுவதும் சேற்றில் இறங்கியது. மாஸ்டர் கயிறு பிடித்துக் குறி போட, பிள்ளைகள் வெட்டினார்கள். எனக்கும் ஒரு துண்டு கொடுத்தார்கள். நானும் தோட்டத்து லயத்தில் பிறந்தவன்தான், ஆனால் என் கைக்கு மட்டம் என்பது வராது. சுவரில் நான் ஒரு படத்தை மாட்டினால், படத்தில் இருப்பவருக்குத் தலைசுற்றுவது போலிருக்கும். சற்று நேரத்தில் பக்கத்தில் வெட்டிக்கொண்டிருந்த பிள்ளை எட்டிப் பார்த்தது.

“சேர், ஒங்க கானு கீழ எறங்குது.”

“தண்ணி கீழதானம்மா போகணும்.”

“இல்ல சேர், கேவலமா இருக்கு.”

மண்வெட்டியை வாங்கிக்கொண்டு, பிளேன்டீ வாளியைத் தூக்கும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தார்கள்.

மாலையில் பார்த்தபோது, சொன்னால் நம்பமாட்டீர்கள், கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது. சரிவுக்குக் குறுக்கே வரிவரியாகக் கான்கள். ஓரங்களைக் கத்தியால் சீவியது போல் சுத்தம். ஒவ்வொரு கானுக்குள்ளும் சீரான இடைவெளியில் ஒரு குழி, குழிக்கு அடுத்து வெட்டாமல் விட்ட மண் தடுப்பு, மறுபடி குழி, மறுபடி தடுப்பு. பணிப்பாளர் மேட்டில் நின்று படமெடுத்து, எங்கெங்கோ அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை. திங்கட்கிழமை காலையில் எல்லாரும் ஆவலோடு இறங்கிப் போனோம். ஒவ்வொரு குழியும் விளிம்புவரை நிரம்பியிருந்தது. குழிகளுக்கு நடுவில் நிலமும் நிரம்பியிருந்தது. தவளைகள் குடிவந்துவிட்டன. மாஸ்டர் இடுப்பில் கைவைத்துப் பெருமையாக நின்றார்.

“பாத்தீங்களா சேர். இம்புட்டு மழைக்கு ஒரு பிடி மண்ணு போகல.”

“மண்ணு போகல மாஸ்டர். தண்ணியும் போகலயே.”

அவர் முகம் மெதுவாக மாறியது. தேயிலை மலையில் கான் வெட்டுவது தண்ணீரை அனுப்பி வைக்க அல்ல. அது ஓடினால் மண்ணையும் அள்ளிக்கொண்டு ஓடும், ஆகவே குழியில் இறக்கி, தடுப்பில் நிறுத்தி, அங்கேயே பிடித்து வைப்பார்கள். தலைமுறை தலைமுறையாக எங்கள் ஆட்கள் பழகியது அதைத்தான். சதுப்பை வடிக்கச் சொன்னதும், அத்தனை பேரும் ஒரு சொட்டும் தப்பாமல் தண்ணீரைச் சிறைப்பிடித்துவிட்டார்கள்.

பணிப்பாளர் நிதானமாகப் பார்த்தார். “வடிவா இருக்கு. ஆனா தண்ணி எங்கால போறது?”

பிளேன்டீ கொண்டுவந்த நானா வாளியைக் கீழே வைத்தார். “சேர், போஞ்சி எண்டுதானே சென்ன? இது மீன் வளக்கவா?”

பரிகாரம் சுலபம். தடுப்புகளை உடைத்து, எல்லாக் கான்களையும் இணைத்து, நேரே கீழே ஓடைவரை ஒரு கான் வெட்ட வேண்டும். ஆனால் அதை வெட்ட ஆள் இல்லை. ஒரு பையன் மண்வெட்டியை ஓங்கினான். நாலு கொத்துக்குப் பிறகு அவனது கான் தானாகவே பக்கவாட்டில் திரும்பிவிட்டது. அடுத்தவன் நேராகத்தான் தொடங்கினான், பாதியில் மனம் கேட்காமல் ஒரு குழி தோண்டினான். கடைசியில் மாஸ்டரே இறங்கினார். கொஞ்ச நேரம் சரிவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“முடியல சேர். சரிவுல நேரா கான் வெட்டுனா தோட்டத்துத் தொர வேலைய விட்டே நிப்பாட்டுவாரு.”

“இங்க ஏது மாஸ்டர் தொர?”

“இல்லதான். ஆனா கை கேக்கமாட்டேங்குது.” சுற்றிப் பார்த்தார். பார்வை என்மேல் வந்து நின்றது. “சேர் வெட்டட்டும். சேருக்குக் கெட்டுப்போக ஒரு பேரும் இல்ல.”

எல்லாருக்கும் அது சரியாகப் பட்டது. நான் இறங்கினேன். மாஸ்டர் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். பிள்ளைகளில் சிலரும் திரும்பிக்கொண்டார்கள். என் வாழ்நாளில் முதல்தடவையாக, என் கைக்கு இயல்பாக வரும் வேலையை ஊரே என்னிடம் கேட்டிருந்தது. வெட்டினேன். சரிந்தது. இன்னும் வெட்டினேன், இன்னும் அசிங்கமாகச் சரிந்தது. கடைசித் தடுப்பு உடைந்ததும் தண்ணீர் சத்தத்தோடு புறப்பட்டு, என் செருப்பில் ஒன்றையும் எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போய்விட்டது. மாஸ்டர் திரும்பிப் பார்க்காமலே, “போகுதா சேர்?” என்று கேட்டார்.

“போகுது மாஸ்டர்.”

“மண்ணும் போகுமே,” என்றார் வருத்தத்தோடு.

நிலம் மெல்ல மெல்லக் காய்ந்தது. பாத்தி கட்டினோம், போஞ்சிக்குக் கம்பு நட்டோம், கரட் விதைத்தோம். பெருநாளுக்கு முந்திய வாரம் முதல் போஞ்சி காய்த்தது. கரட் மண்ணுக்குள் என்ன செய்கிறது என்று தெரியாமல் ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தோம். அது இன்னும் காய்கறியாகவில்லை, யோசனை மட்டத்தில்தான் இருந்தது. இரண்டையும் குசினிக்குக் கொண்டுபோய் நானாவின் கையில் வைத்தேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எதற்கும் இருக்கட்டும் என்று, உதவி செய்வது போல் நான் வெங்காயம் வெட்டத் தொடங்கினேன்.

அப்போது அவரது போன் அடித்தது, மடவளை மச்சான். கை நிறைய இருந்ததால் லவுட் ஸ்பீக்கரில் போட்டார்.

“மச்சான், நாளைக்கு அடுப்பு மூட்டுற. வாறா, இல்லயா?”

நானா போஞ்சியைப் பார்த்தார். கரட்டைப் பார்த்தார். அதில் அவருக்கு மனம் நிறைந்ததாகத் தெரியவில்லை. பிறகு நான் வெட்டி வைத்திருந்த வெங்காயத்தை நீண்ட நேரம் பார்த்தார்.

“எனக்கு வர ஏலா மச்சான்.”

“ஏன், அங்க என்ன ஈக்கி?”

“இங்க ஒரு சேர் ஈக்கிறார். நான் வந்தா அவர்தான் சமக்கிற. புள்ளைகள்ட பாவம் நமக்கெதுக்கு.”

மச்சான், “சரி, அப்ப இரு,” என்று போனை வைத்துவிட்டார். நானா என் கையிலிருந்த கத்தியை மெதுவாக வாங்கி, எனக்கு எட்டாத மேல் தட்டில் வைத்தார்.