நான் ஓடவில்லை, நட்டேன்

எனக்குக் கோவையாக எழுத வராது. அஞ்சாவது வரைக்கும்தான் படிப்பு. மருந்து ஏற்றிய பிறகு ஞாபகமும் முன்போல் இல்லை. சொல்லிக்கொண்டே இருக்கும்போது பாதி மறந்துபோகிறது. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

நன்னிலம் பக்கத்தில் எங்கள் ஊர். போன வருஷமோ அதற்கு முந்தின வருஷமோ, புரட்டாசி சம்பா நடவில் நடந்தது இது. எனக்கு இடது மார்பில் புற்றுநோய் வந்து, ஆபரேஷன் செய்து, மருந்து ஏற்றி, கதிர்வீச்சுக் கரண்ட் வைத்து எல்லாம் முடிந்திருந்தது. குணமாகிவிட்டது என்று டாக்டர் சொன்னார். ஆனால் அது உடம்புக்குத் தெரியவில்லை. ஒரு குடம் தண்ணீர் எடுத்தால் ஒரு பொழுது படுக்க வேண்டும். வீட்டில் பொங்கல், கல்யாணம் என்று இனி வரப்போகிறதைப் பற்றிப் பேச்சு வந்தால், என்னைப் பார்த்ததும் நிறுத்திவிடுவார்கள். நானும் கேட்காதது மாதிரி இருந்துவிடுவேன்.

செக்கப்புக்குப் போனபோது ஒரு நர்ஸம்மா பேசிக்கொண்டிருந்தார். பெரிய ஊர்களில் இந்த நோயிலிருந்து மீண்டவர்கள் ஓட்டம் ஓடுகிறார்களாம். அதற்கு ஜனங்கள் தரும் பணம் இல்லாத நோயாளிகளுக்குப் போகிறதாம். நீங்க எப்ப ஓடப் போறீங்க என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குச் சட்டென்று பேச வராது. அன்றைக்கு எப்படியோ, "ஓட முடியாதும்மா, வேணும்னா நடுறேன்" என்று வாயில் வந்துவிட்டது.

அவர் அதை விடவில்லை. எங்கள் ஊர் மகளிர் குழுத் தலைவிக்குப் போன் செய்தார். தலைவி நிலத்துக்காரரிடம் சொல்ல, அவர் வெளிநாட்டில் இருக்கிற ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார். நான் ஒரு வயலில் இந்த வரப்பிலிருந்து அந்த வரப்பு வரை, கரையேறாமல் என் பங்கை நட்டு முடிக்க வேண்டும். முடித்தால் அவர்கள் இல்லாத நோயாளிகளுக்குப் பணம் தருவார்கள். மருமகள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. எனக்கும் பயம்தான். ஆனால் ஆஸ்பத்திரியில் என் பக்கத்துக் கட்டில் பெண் பஸ்ஸுக்குக் காசு இல்லாமல்தான் வைத்தியத்தைப் பாதியில் விட்டாள். அவள் முகத்தை நினைத்துச் சரி என்றேன்.

டாக்டர், ஆபரேஷன் ஆன பக்கம் என்பதால் இடது கை சேற்றில் படக்கூடாது, கீறல் விழுந்தால் வீங்கிவிடும் என்றார். நர்ஸம்மா முழங்கை வரை வரும் ரப்பர் உறை கொடுத்தார். அந்தக் கையில் நாற்று முடியை, அதாவது நாற்றுக் கட்டை, பிடித்துக்கொண்டு, வலது கையால் நட்டேன்.

நடவில் நாங்கள் வரிசையாகக் குனிந்து நட்டுக்கொண்டே பின்னால் நகர்வோம். ஒருத்தி சுணங்கினால் மற்றவர்கள் நிற்க மாட்டார்கள். அவளுக்கு இரண்டு பக்கமும் நட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அவள் சந்துக்குள் மாட்டின மாதிரி தனியாக நிற்பாள். அப்புறம் அந்தப் போகம் முழுக்கக் கேலிதான். வயசுக் காலத்தில் நானே எத்தனையோ பேரை அப்படி விட்டிருக்கிறேன்.

பாதி வயல் வந்தபோது எனக்கு மூச்சு வாங்கியது. இடது கை கல்லாகக் கனத்தது. நிமிர்ந்து பார்த்தால் வரிசை அப்படியே என்னோடு நிற்கிறது. யாரும் முந்தவில்லை. ஒருத்தி கட்டின நாற்று முடியையே அவிழ்த்து மறுபடி கட்டுகிறாள். ஒருத்தி சும்மா கை கழுவுகிறாள். பேச்சு இல்லை, சிரிப்பு இல்லை. எனக்காகத்தான் என்று புரிந்ததும் அலுப்பு இரண்டு மடங்காகிவிட்டது. வரப்பிலிருந்து நிலத்துக்காரர், "போதும் ஆச்சி, ஏறி வந்துடுங்க. சொன்னதைக் குடுத்துடுறோம்" என்றார். பணமும் வந்துவிடும், இனி எதற்கு என்று காலைச் சேற்றிலிருந்து உருவினேன்.

எனக்குப் பக்கத்தில் நட்டவள் வாய்த்துடுக்குக்காரி. ஊரில் அவளோடு யாரும் வாய் கொடுக்க மாட்டார்கள். அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

"ஒனக்காக நின்னு நின்னு என் இடுப்பு ஒடியுதுக்கா. நான் போறேன்."

சொல்லிவிட்டு விறுவிறு என்று நட்டுக்கொண்டு பின்னால் போனாள். மற்றவர்கள் திகைத்துப்போய், பிறகு அவர்களும் போனார்கள். கொஞ்ச நேரத்தில் எனக்கு இரண்டு பக்கமும் பச்சை. நான் மட்டும் நடுவில். தூரத்தில் இருந்து அவள் சொன்னாள்:

"அங்கயே கெட அக்கா. தை அறுப்புக்கு வந்து கூட்டிக்கிட்டுப் போறோம்."

எல்லாரும் சிரித்தார்கள். தலைவி அவளைத் திட்டியதும் காதில் விழுந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனால் கோபத்தில் இல்லை. நான் தையிலும் இருப்பேன் என்று அதுவரை ஒருவரும் என்னிடம் சொன்னதில்லை. காலை மறுபடி சேற்றில் வைத்தேன். அவர்கள் கரையேறி, டீ குடித்து, வெற்றிலை போட்டு முடித்த பிறகுதான் என் குதிகால் வரப்பைத் தொட்டது. நாலு நாள் எழுந்திருக்கவில்லை.

இப்போதும் அந்த அசதி உடம்பை விட்டு முழுதாகப் போகவில்லை. எழ மனசு வராத காலைகளில், அன்றைக்கு அவள் எனக்காக நிற்காமல் போனாளே, அதை நினைத்துக்கொண்டுதான் காலை ஊன்றுகிறேன்.

வருஷம், நெல் ரகம், எந்த வயல் என்பதெல்லாம் எனக்குக் குழப்பம். எங்கள் குழுவில் யாரையாவது கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். தையில் அவள் வாசலில் வந்து நின்று, "வாக்கா, போவலாம்" என்று கூப்பிட்டதை மட்டும் கேட்க வேண்டாம். அதில் எனக்கு மறதி இல்லை.