மூடிமேல் ஒட்டிய பிள்ளையார்

எங்கள் வீட்டுச் சாமித் தட்டில் ஒரு பித்தளைப் பிள்ளையார் இருக்கிறார். கட்டைவிரல் உயரம்தான். விளக்கேற்றுமுன் எடுத்துத் துடைக்கும்போது அடியிலுள்ள பசைக் கறை விரலில் ஒட்டும். 

என் தம்பி ஹல்துமுல்லையில் வாடகைக் கார் ஓட்டினான். பழைய வேனைக் கொடுத்துவிட்டு அந்தச் சின்னக் காரை எடுக்குமுன் பல நாள் போனும் கையுமாகவே இருந்தான். காரைச் சுவரில் மோதவிட்டு, உள்ளே உட்காரவைத்த பொம்மைகளுக்கு என்ன ஆகிறதென்று காட்டும் படங்கள். பழைய காரில் பொம்மையின் தலை முன்பலகையில் போய் அடித்தது. அதே காரின் புது மாதிரியில் ஒரு காற்றுப் பை உப்பி வந்து தலையைத் தாங்கியது. இப்படி மோதிப் பார்த்து எல்லாருக்கும் காட்டத் தொடங்கிய பிறகுதான் கம்பனிக்காரர்களுக்குப் பயம் வந்து இதெல்லாம் வைக்கிறார்கள் என்றான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பொம்மையானாலும் மனுச உருவமில்லையா.

கார் வந்ததும் கோவிலில் பூசை வைத்து, சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி, பிள்ளையாரை முன்பலகையில் இடது பக்கம் ஒட்டினேன். அங்கே வழவழவென்று ஒரு மூடி, சாமிக்கென்றே வைத்தது போல. அதற்குள்தான் அந்தப் பை இருக்கிறதென்று தம்பி பிள்ளையாரை எடுத்துவிட்டான். சாமி இல்லாத வண்டியில் வயிற்றுப்பிள்ளைக்காரியை எப்படி அனுப்புவது? என் மகளுக்கு அப்போது எட்டாம் மாதம்.

பதுளை ஆஸ்பத்திரிக்குக் கிளினிக் போகும் காலையில், அவன் டயரைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம், பிள்ளையாரைத் திரும்ப அங்கேயே ஒட்டினேன். வாந்தி வருமென்று மகள் முன்னால் ஏறினாள். பெல்ட் வயிற்றை அழுத்தும், வேண்டாமென்றேன். அவன் கேட்காமல் அடிவயிற்றுக்குக் கீழே இறக்கி மாட்டச் சொன்னான்.

ஹப்புத்தளை ஏற்றத்தில் பனி மூடிக்கிடந்தது. அப்போதுதான் பிள்ளையாரைக் கண்டான். வண்டியை ஓரங்கட்டி, பெயர்த்தெடுத்து, பின்னாலிருந்த என்னிடம் நீட்டினான்.

"அக்கா, மோதுனா பை வெடிச்சுத் தொறக்கும். இது புள்ள மூஞ்சில போய் அடிக்கும்."

"சாமி அடிக்குமாடா?"

"சாமி அடிக்காது. பித்தள அடிக்கும்."

"பேசாம சாமிக்கும் ஒரு பெல்ட்டு போட்டு விடுங்க மாமா" என்று மகள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நாலைந்து முடக்கு வளைவுதான் போயிருப்போம். பனிக்குள்ளிருந்து ஒரு லொறி எங்கள் பக்கமாகவே வந்தது. தம்பி வண்டியை ஒடித்துத் திருப்பினான். கார் மண்மேட்டில் முட்டியது. பெரிய சத்தம், வெள்ளைப் புகை, கருகிய வாடை. மகளின் முகம் அந்தப் பைக்குள் புதைந்திருந்தது. நான் சாமி ஒட்டிய மூடி கிழிந்து வாயைப் பிளந்து நின்றது.  கையிலிருந்த பித்தளை உள்ளங்கையில் பதிந்துகொண்டிருந்தது.

"அம்மா, புள்ள ஒதைக்குது" என்றாள் கடைசியில்.

அந்தப் பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். தம்பி போன வருசம் நெஞ்சுவலியில் போய்விட்டான். அன்றைக்குக் காலையில் நான் செய்ததை என் மருமகனிடம்கூட அவன் சொல்லவில்லை. யார் காரில் ஏறினாலும் என் கண் முதலில் அந்த மூடிக்குத்தான் போகிறது. சாமி இருந்தால் எடுக்கச் சொல்லுவேன். சிலர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

சுரண்டினால் அந்தக் கறை போய்விடும். நான் சுரண்டுவதில்லை. தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளையாரைத் தட்டில் வைக்கிறேன்.