தேவநாதன் பாஸ் பண்ணாத கிரைண்டர்

பார்சல் வந்துவிட்டால் தேவநாதன் முதலில் உள்ளே போய்ச் சட்டை மாட்டிக்கொண்டு வருவார். வீட்டில் போடுகிற சட்டை இல்லை, கம்பெனி யூனிஃபார்ம், கழுத்தில் அடையாள அட்டையோடு. அன்றைய பேப்பரைத் தேதி தெரியும்படி பெட்டிமேல் விரிப்பார். கொடுத்துவிட்டு நழுவப் பார்க்கும் டெலிவரிக்கார மோகனை, "அப்படியே நில்லுப்பா, பொட்டிக்குப் பக்கத்துல" என்று சாட்சியாக நிறுத்துவார். வீடியோ எடுக்கச் சொல்லி மனைவி பங்கஜத்தின் கையில் போனைத் திணிப்பார். "ஓடுதா? பாத்துக்கோங்க, பொட்டி பிரிக்காம கீது. டேப்பு ஒட்டினது ஒட்டினபடி கீது." வண்டியில் பாதித் தெருவின் பார்சல் காத்துக் கிடக்க, மோகன் ஹெல்மெட்டைக் கூடக் கழற்றாமல் கேமராவைப் பார்த்து அசடு வழிவான்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. ஒரகடத்தில் காருக்கு சீட் செய்கிற கம்பெனியில் கடைசி இன்ஸ்பெக்‌ஷன் அவர் வேலை. தைத்து வந்த சீட்டை அவர் கை தடவாமல் வெளியே அனுப்ப முடியாது. ஒரு நூல் பிசிறிக்கொண்டிருந்தால் போதும், ரிஜெக்ட் என்று சிவப்பு ஸ்டிக்கர் விழும். அந்தக் கையையும் கண்ணையும் கம்பெனியிலேயே கழற்றி வைத்துவிட்டா பஸ் ஏற முடியும்? கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால்கூட மனுஷர் அப்பளத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் உடைப்பார். சம்பந்தி வீட்டுக்காரர்கள் இன்னும் அதைச் சொல்லிச் சொல்லி ஆறவில்லை.

ஸ்ரீபெரும்புதூரில் அவர் வீட்டு மாடியில் கம்பெனிப் பையன்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். ஆஃபரில் எதையாவது வாங்கி ஏமாறுவதும், தலையைச் சொறிந்துகொண்டு கீழே இறங்கி வருவதும் அவர்களுக்கு வழக்கம். "அண்ணாச்சி, ஒரு காதுலதான் பாட்டு கேக்கு. திருப்பி எடுக்க மாட்டோம்னு சொல்லுதானுவ" என்று திருநெல்வேலிப் பக்கத்துச் சுடலை இயர்போனை நீட்டினால் போதும், தேவநாதன் முகத்தில் ஒரு களை வந்துவிடும்.

மற்றவர்கள் கஸ்டமர் கேருக்குப் போன் போட்டுக் கத்துவார்கள். தேவநாதன் கத்த மாட்டார், அதுதான் ஆபத்து. "உம் பேரு இன்னாம்மா? ஐஸ்வர்யாவா? சாப்டியா? சரி. காச அப்புறம் பாத்துக்கலாம். இது ஏன் இப்படி ஆச்சு, அத்த மொதல்ல சொல்லு."

"சிரமத்துக்கு வருந்துகிறோம் சார்..."

"நீ எதுக்கும்மா வருந்தற? காரணம் இன்னா? அடுத்த பீஸ்ல வராம இருக்க இன்னா ஏற்பாடு பண்ணிக்கீறீங்க?"

காரணத்துக்கு ஐஸ்வர்யா எங்கே போவாள்? அவள் மேலே இருப்பவருக்கு லைனைத் தள்ளிவிடுவாள். அவர் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிப்பார். பிறகு, ஆளை விட்டால் போதும் என்று பணத்தைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டு வைத்துவிடுவார். சுடலை குதிப்பான். தேவநாதனோ மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார். "காரணத்த சொல்லாமலே வெச்சிட்டாங்களே!"

ஊருக்கெல்லாம் இப்படிப் பணத்தைத் திருப்பி வாங்கிக் கொடுக்கிற மனுஷரால் பங்கஜம் பட்ட பாடு இருக்கிறதே, அதைத்தான் சொல்ல வேண்டும். அவள் இட்லி மாவு அரைத்து விற்கிறவள். ஷிஃப்ட் முடிந்து வருகிற பையன்கள் தூக்குவாளியோடு அவள் வாசலில்தான் நிற்பார்கள். அவளுடைய பழைய கிரைண்டர் ஒருநாள் புகைந்து போனது. ஆன்லைனில் புதுசு வந்தது. பார்த்தால் அசல் போலி. கம்பெனிப் பேர் போட்ட லேபிள் நகம் பட்டதும் உரிந்தது. கல்லைக் கழுவக் கழுவச் சாம்பல் தண்ணீர் நிற்கவே இல்லை. "இதுல அரைச்சா ஜனங்க வயிறு இன்னாத்துக்கு ஆவும்?" என்று பங்கஜமே பதறினாள். அதைத் திருப்ப வேண்டியதுதான், யார் வேண்டாம் என்றது?

ஆனால் மோகன் எடுத்துப்போக வந்தபோது கிரைண்டரின் நட்ட நடு நெற்றியில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. தேவநாதன் உபயம்.

"சார், ஸ்டிக்கர் ஒட்டினா எடுக்கக் கூடாது சார். டேமேஜ்னு போட்டுடுவாங்க."

"ஒட்டாம அனுப்பினா இதே குப்பைய இன்னொரு வூட்டுக்குத் தள்ளிடுவாங்களேப்பா! கெட்ட பீசு நல்ல பீசோட கலக்கலாமா?"

கேள்வி நியாயம்தான், மோகனின் போனில் இருக்கிற டெலிவரி ஆப்புக்கு அது புரிய வேண்டுமே! கடைசியில் சுடலை தேங்காய் எண்ணெய் தடவி, கரண்டிக் காம்பால் சுரண்டி, மணிக்கணக்கில் உட்கார்ந்து அந்த ஸ்டிக்கரை உரித்தான்.

அத்தோடு விட்டாரா? அடுத்து வந்த கிரைண்டர் நல்ல சாமான். அதில் "சத்தம் ஒரு மாதிரி கீது" என்றார். திரும்பிப் போய்விட்டது. அதற்கும் அடுத்ததில் டிரம் ஒரு முடி அளவு ஆடுகிறதாம். "மாவுக்கு அது தெரியுமாங்க?" என்று பங்கஜம் கெஞ்சினாள். அதுவும் போய்விட்டது. பணம் ஒவ்வொரு தடவையும் ஒழுங்காகத் திரும்பி வந்தது. பணத்தைப் போட்டா மாவு அரைக்க முடியும்? பக்கத்து வீட்டு கிரைண்டரில் இரவல் அரைத்தாள், எத்தனை நாளைக்கு அவர்களும் முகம் சுளிக்காமல் இருப்பார்கள்? வாடிக்கை ஒவ்வொன்றாகக் கழன்றது. ஒருநாள் சுடலையே பாக்கெட் மாவைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு பூனை மாதிரி மாடி ஏறினான். பங்கஜம் பார்த்துவிட்டாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. அதுவே பெரிய துக்கமாகிவிட்டது அவளுக்கு.

அந்த நேரத்தில்தான் ஹாஸ்டல் மெஸ் நடத்துகிற கோமதிநாயகம் வந்தார். "தெனமும் ரெண்டு குண்டான் மாவு வேணும்மா. திங்கக்கெழம காலைல குடுத்தா உங்களுக்கே தாரேன். இல்லன்னா வேற ஆளு இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை நாலாவது கிரைண்டர் வந்து இறங்கியது. பங்கஜம் அதற்கு முன்பே அரிசியையும் உளுந்தையும் ஊறப்போட்டுவிட்டாள். "இதப் பாருங்க, இன்னைக்கு இதுவும் போச்சுன்னா மெஸ்ஸு போச்சு. நான் மாவு யாவாரத்தையே வுட்டுடறேன். அப்புறம் ஆயுசுக்கும் பாக்கெட் மாவுதான் துன்னணும் நீங்க."

தேவநாதன் உள்ளே போய் யூனிஃபார்மை மாட்டிக்கொண்டு வந்தார். பேப்பர், மோகன், போன், எல்லாம் முறைப்படி. லேபிளைச் சுரண்டினார், வரவில்லை. கல்லைக் கழுவினார், தண்ணீர் தண்ணீராகவே ஓடியது. ஓடவிட்டுக் காது வைத்துக் கேட்டார். டிரம்மை ஆட்டிப் பார்த்தார். மாடிப்படியில் சுடலை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றான். மோகன் வாய்க்குள் ஏதோ வேண்டிக்கொண்டான். கடைசியாக தேவநாதன் கண்ணை மூடிக்கொண்டு, சீட்டைத் தடவுகிற மாதிரி, கிரைண்டரின் உடம்பு முழுக்கத் தடவிக்கொண்டே வந்தார்.

பின்பக்கம் வந்ததும் விரல் நின்றது. பெயிண்டில் ஒரு கீறல், விரல் நீளத்துக்கு.

"இன்னாங்க?" என்றாள் பங்கஜம்.

தேவநாதன் கண்ணைத் திறந்தார். ஊறிக்கொண்டிருந்த அரிசியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"ரெகார்டிங்க நிறுத்து" என்றார்.

அவள் நிறுத்தினாள். அவர் கிரைண்டரை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டுபோய், கீறல் சுவர்ப் பக்கம் இருக்கும்படி வைத்து, பிளக்கைச் செருகினார்.