பேருக்கு ஒரு டைரக்டர்

காலை ஷிப்டு தொடங்குமுன், அந்த அம்மாள் சாயப்பட்டறையின் கழிவுக் குழாயருகே குனிந்து ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் பிடிக்கிறார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார். மூக்கருகே கொண்டுபோய் முகர்கிறார். “இன்னிக்குத் தேவலை” என்றால் கழிவுநீர்த் தொட்டியைப் பார்த்துக்கொள்பவர் மூச்சு விடுவார். “என்னப்பா, மருந்துக்கடையே இறங்கி வந்த மாதிரி இருக்கு?” என்றால் அன்று அவர் பாடு திண்டாட்டம்தான்.

பட்டறையில் அந்த அம்மாளுக்குப் பெயர் டைரக்டரம்மா. முதலில் அது கிண்டல். கணவர் தவறிய பிறகு கம்பெனிப் பொறுப்பு இவர் பேரில் ஏறியது, நடத்தியதெல்லாம் கொழுந்தன். அவர் நீட்டிய இடத்திலெல்லாம் அடுப்படியில் நின்றபடியே கையெழுத்துப் போட்டார். பட்டறைக்கு எந்த பஸ் போகும் என்று கேட்டிருந்தால்கூட விழித்திருப்பார்.

ஒருநாள் பட்டறைக் கழிவு கலந்த ஆற்றில் மீன்கள் செத்து மிதந்தன. கம்பெனியோடு சேர்த்து இவர் மேலும் குற்ற வழக்கு பாய்ந்தது. “எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. பேருக்குத்தான் டைரக்டர்” என்றார் கூண்டில்.

“பேர் உங்களோடதுதானே?” என்றார் நீதிபதி. தெரிந்துகொள்ள வேண்டிய இடத்தில் இருந்துகொண்டு தெரியாது என்பது பதிலாகாது, இந்த முறை அபராதம், அடுத்த முறை சிறை என்றார்.

விலகிவிடும்படி வக்கீல் சொன்னார். மகளும் நச்சரித்தாள். “நான் விலகினா என் இடத்துல இன்னொரு ஒண்ணும் தெரியாததைக் கொண்டுவந்து உக்கார வைப்பாங்க. அந்த மீனையெல்லாம் நான் பாத்தேன்டி” என்றவர், மறுநாளே பட்டறைக்குப் போய் இறங்கினார்.

சென்ற வாரம் அடைமழை. கழிவுநீர்த் தொட்டி விளிம்புவரை தளும்பியது; இயந்திரங்கள் ஓடினால் வரும் கழிவுக்கு இனி இடமில்லை. மாலைக்குள் அனுப்ப வேண்டிய சரக்கு பாதிகூட முடியவில்லை. கொழுந்தன் ஆற்றுப் பக்கத்து வால்வில் கை வைத்தார்.

“இந்த மழையில திறந்துவிட்டா யாருக்கு அண்ணி தெரியப்போகுது?”

“எனக்குத் தெரியுமே தம்பி.”

“ஆர்டர் கைவிட்டுப் போயிடும்!”

“போகட்டும். அதுக்காக நான் உள்ள போகணுமா?”

நேரே இயந்திரக் கூடத்துக்குப் போய்ச் சிவப்புச் சுவிட்சை அமுக்கினார். இயந்திரங்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்து, மழைச் சத்தம் மட்டும் மிஞ்சியது. ஆர்டரும் போய்த்தான் விட்டது.

அவர் திரும்பி வந்தபோது, திருகாத வால்வில் கையை வைத்தபடியே கொழுந்தன் தெப்பலாக நனைந்து நின்றார். டைரக்டரம்மா பக்கத்தில் போய், தன் குடையை அவர் தலைக்கு மேல் சாய்த்துப் பிடித்தார்.