கம்பங்களுக்கு இடையில்

யுத்தகால இருட்டடிப்புக்காகத் தெருவிளக்குகளில் மாட்டியிருந்த கறுப்பு மூடிகளைக் கழற்றிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. நான் கார்ப்பரேஷன் தெருவிளக்குப் பிரிவில், கம்பம் எங்கே நடுவது என்று படம் வரைபவனாக இருந்தேன். கணவனை இழந்த என் அக்கா எங்களோடு இருந்தாள். ராயபுரத்தில், துறைமுகத்தை ஒட்டிய ஒரு கிடங்கில் கோணி தைக்கப் போவாள்.

கிடங்கு வாசலில் உயரமான கம்பத்தில் பெரிய விளக்கு ஒன்று எரியும். அடுத்த விளக்கு ரயில்வே கேட்டில்தான். நடுவில் கும்மிருட்டு. ஒரு நாள் பொழுது சாய்ந்து வேலை விட்டதும் அக்கா அந்த வழியாக வந்தாள். இரும்புக் கம்பி ஏற்றிய கட்டைவண்டி ஒன்று ஓரமாக நின்றிருந்தது. பின்னால் நீட்டிக்கொண்டிருந்த கம்பி அவளுடைய வலது கண்ணில் ஏறிவிட்டது.

ஆஸ்பத்திரியில் அம்மா அழுதுகொண்டே கேட்டாள்: "அவ்ளோ பெரிய வெளக்கு எரியுதே, வண்டி தெரியலையாடி?"

"அந்த வெளக்குதாம்மா பேஜாரு. அத்த தாண்டினதும் கண்ணு கட்டிகிச்சு. வண்டி நின்னுகினு இருந்ததே தெரில."

கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. அவள் சொன்னது என்னைத் தூங்கவிடவில்லை. பெரிய விளக்கை எடுத்துவிட்டுச் சின்ன விளக்குகளாக, தாழ்வாக, வெளிச்சம் தரையில் மட்டும் விழும்படி தகர மூடி போட்டு வரைந்தேன். ஒன்றின் வெளிச்சம் முடிவதற்குள் அடுத்தது தொடங்கிவிட வேண்டும்.

"இருக்கிற பெரிய விளக்கை எடுத்தா ஜனங்க சும்மா இருப்பாங்களாய்யா?" என்றார் அதிகாரி.

"ஒரு தடவை வந்து பாருங்க சார்."

அன்று மாலையே வந்தார். விளக்கடியில் சற்று நின்றுவிட்டு முன்னே நடந்தவர், இருட்டில் கையை நீட்டித் துழாவியபடி நின்றுவிட்டார். "எங்கேய்யா இருக்கே?" என்றார். நான் அவருக்கு எதிரிலேயே நின்றிருந்தேன். படத்துக்கு அனுமதி வாங்கித் தந்தவர் அவர்தான்.

மழைக்காலம் கழிந்து கம்பங்கள் நட்டார்கள். விளக்கு போட்ட அன்று அக்காவை அழைத்துப் போனேன். என் கையை இறுகப் பிடித்தபடி நடந்தாள்.

"எதுக்க வர்றவ மூஞ்சி தெரிதுடா," என்றாள். வந்தவள் கிடங்கில் அவளோடு வேலை செய்தவள். அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அடுத்த வாரம் அக்கா வேலைக்குத் திரும்பினாள். ஊசியில் சணல் கோத்துக் கொடுக்க மட்டும் பக்கத்தில் ஆள் வேண்டியிருந்தது.

கேட்டைத் தாண்டி மீனவர் குப்பத்துக்குப் போகும் பாதைக்கும் ஒரு படம் வரைந்து கொடுத்தேன். நான் அந்த வேலையில் இருந்தவரை அதற்கு அனுமதி வரவில்லை. குப்பத்துப் பெண்கள் கேட் வரை பேசிக்கொண்டே வருவார்கள். அதற்கப்புறம் பேச்சு நின்றுவிடும். ஒருத்தி முந்தானையை ஒருத்தி பிடித்துக்கொண்டு நடப்பார்கள்.