பத்து மணிப் பாடம்

மலேசியாவில், பத்து காஜா என்ற ஊருக்குப் பக்கத்து எஸ்டேட் தமிழ்ப்பள்ளியில் நான் தற்காலிக ஆசிரியராக இருந்தபோது, அரசாங்கம் ஒரு டெலிவிஷன் பெட்டியை அனுப்பியது. கல்வி ஒளிபரப்பு காலை பத்து மணிக்கு. எஸ்டேட் ஜெனரேட்டரோ மாலை ஆறு மணிக்குத்தான் ஓடும்.

தலைமையாசிரியர் ஒல்லியானவர். சட்டைப் பையில் பேனாவுக்குப் பதில் மடித்த துணி இருக்கும். தினமும் பத்தடித்ததும் பிள்ளைகளை அந்த இருண்ட பெட்டிக்கு முன்னால் உட்கார வைப்பார். ஒளிபரப்புக் கையேட்டைப் பிரித்து, பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, எரிமலையையும் திமிங்கிலத்தையும் கைகளாலேயே காட்டுவார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"சார், மேனேஜர்கிட்ட பகல்ல கரண்டு கேக்கலாம்ல? இது என்ன கூத்து?"

"மூணு தடவ கேட்டாச்சு லா. முடியாதுன்னுட்டாரு." துணியை எடுத்துத் திரையைத் துடைத்தார். "பெட்டி சும்மா கெடக்குன்னு தெரிஞ்சா டவுன் ஸ்கூலுக்குத் தூக்கிட்டுப் போயிருவாங்க."

"கரண்டே வராட்டி?"

"வரும். அதுவரைக்கும் நான் இருக்கேன்ல."

ஆண்டு முடிவில் எனக்கு ஈப்போவில் வேலை கிடைத்துப் போய்விட்டேன். எஸ்டேட் பள்ளிக்குப் பகலிலும் கரண்டு வந்துவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். சந்தோஷப்பட முடியவில்லை. பெட்டி தானாகவே பேசத் தொடங்கிய அந்தக் காலையில், அவர் எங்கே போய் நின்றிருப்பார்?