அண்ணன் எண்ணிய உறவுமுறை

ஆயர் இல்லத்திலிருந்து திரும்பி வந்த, தங்கையின் கல்யாண விண்ணப்பத்தில் ஒரே ஒரு வரிக்குக் கீழே சிவப்புக் கோடு போட்டிருந்தார்கள். பங்குத் தந்தை அதை எங்கள் வீட்டு மேசையில் விரித்து வைத்தார். "தம்பி, இதப் பார்த்தா உங்க தங்கச்சி கூடப்பொறந்தவனையே கட்டிக்கப் போற மாதிரியில்ல இருக்கு" என்றார். அந்த வரியை எழுதியவர் என் அண்ணன். இடைக்காலத் திருச்சபைச் சட்ட வரலாற்றில் பேராசிரியர்.

இலங்கையில் ருவான்வெல்லைப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் லயத்தில் பிறந்து, வெளிநாட்டில் லத்தீன் கையெழுத்துப் பிரதிகளை வாசிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவர் அவர். எழுநூறு, எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவில் யார் யாரை மணக்கலாம், எந்த உறவுக்குத் தடை, அந்தத் தடையை யார் நீக்கலாம் என்பதைத்தான் இருபத்தைந்து வருடங்களாகப் படித்தார். அந்தப் படிப்பால் வீட்டுக்கு ஏதாவது உதவி உண்டு என்று முதன்முதலாகத் தோன்றியது, தங்கைக்கு அத்தை மகனைப் பேசி முடித்தபோதுதான். தோட்டத்தில் அது உரிமைச் சம்பந்தம். கோயிலில் அதற்கு ஆயரின் அனுமதி வேண்டும். கட்டாரில் வேலை செய்யும் மாப்பிள்ளைக்குக் கிடைத்திருந்தது ஆறு வார லீவு.

"ஃபாரத்தை நானே நிரப்பி அனுப்புறேன், நாலு வரிதான்" என்றார் பங்குத் தந்தை. விடுமுறையில் வந்திருந்த அண்ணன் கேட்கவில்லை. பத்து நாள் உட்கார்ந்து பதினொரு பக்கம் எழுதினார். மணமக்கள் இரண்டாம் படி உறவு என்று அதில் இருந்தது. அவர் ஆராய்ந்த இடைக்காலத்துச் சபை, பொதுவான தாத்தாவிலிருந்து ஒரு பக்கம் மட்டும் எண்ணியது: பிள்ளை ஒன்று, பேரப்பிள்ளை இரண்டு. இன்றைய சட்டம் இரு பக்கமும் எண்ணிக் கூட்டும். அப்படிப் பார்த்தால் அத்தை மகன் நாலாம் படி. இரண்டாம் படி என்றால் உடன்பிறப்பு.

"பழைய முறையில இது சரிதான்" என்றார் அண்ணன்.

"ஆமாண்ணே, நான்தான் எண்ணூறு வருசம் பிந்திப் பொறந்துட்டேன்" என்றாள் தங்கை.

நான் வேலை செய்யும் பத்திரிகையில் ஒரு தகவலைப் பிழையாகப் போட்டால் மறுநாள் இரண்டு வரியில் திருத்தம் போடுவோம். அண்ணன் தன் பிழைக்கு அடிக்குறிப்பு எழுத ஆரம்பித்தார். பங்குத் தந்தை புது ஃபாரம் அனுப்பி அனுமதி வந்தபோது மாப்பிள்ளை விமானம் ஏறி இரண்டு நாளாகியிருந்தது. அடுத்த லீவுக்குப் பதினெட்டு மாதம். அவ்வளவு நாளும் தண்ணீர்க் குழாயடியில் தங்கையிடம், "என்ன புள்ள, அண்ணனா மச்சானா, முடிவாயிருச்சா?" என்று கேட்டார்கள். அண்ணன் அதற்குள் இரண்டு எண்ணும் முறைகளைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டு, அவளுக்கும் ஒரு பிரதி அனுப்பினார். அவள் உறையைப் பிரிக்கவில்லை.

இந்த ஜனவரியில் கல்யாணம் நடந்தது. சாட்சிக் கையெழுத்துக்கு அண்ணனை அழைத்தார்கள். பதிவேட்டில் அனுமதி குறித்திருந்த இடத்தில் அவர் பேனா நின்றுவிட்டது. குனிந்து வாசித்தார்.

"நாலாம் படி" என்றார். "சரியாத்தான் போட்டிருக்கு."

"கையெழுத்தப் போடுங்கண்ணே" என்றாள் தங்கை. "மச்சானுக்கு லீவு ஓடுது."